சக்கரவர்த்தியின் விருந்தாளி



1344 இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூதா புத்தளத்தில் எங்கள் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். சைவ அரசர், பாரசீகமும் அறிந்தவர். விருந்தாளி கேட்டது ஒன்றுதான்: ஆதம் நபியின் பாதம் பதிந்ததாக முஸ்லிம்கள் போற்றும் மலையைத் தரிசிக்க வேண்டும். நாங்கள் சிவனொளிபாதம் என்னும் அதே மலை. அரசர் பல்லக்குக் கொடுத்தார். துணைக்கு 4 யோகிகள், 3 பிராமணர், உணவுப் பொருள் சுமக்க 15 பேர். முத்து விற்கும் அரசருக்கு முஸ்லிம் வணிகர் தேவைதானே என்பீர்கள். சரி, ஆனால் யோகிகளை அனுப்பியது வியாபாரமா?

அவர் ஆண்ட யாழ்ப்பாணத்திலிருந்து 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வகுப்புத் தோழிகளும் போனார்கள். பலர் குடியேறியது அதே புத்தளத்தில். சங்கத்தின் முகவரிப் பட்டியலில் அவர்கள் பெயர்கள் இல்லை. தெரிந்தவர்கள் இன்றே செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.