மூக்கின் வழியே ஒரு சிகிச்சை

மூளையின் அடியில், பட்டாணியளவே உள்ள ஒரு சுரப்பி தொங்குகின்றது. அதன் எடை ஏறத்தாழ அரை கிராம். அதிலிருந்து சளி பிறந்து மூக்கின் வழியே இறங்குகின்றது என மேலைநாட்டுப் பண்டை மருத்துவர் எண்ணினர். பிட்யூட்டரி என்ற பெயரும், தமிழில் கபச் சுரப்பி என்ற பெயரும் அவ்வாறு வந்தவையே. எண்ணம் பொய்த்தது, பெயர் நிலைத்தது. உண்மையில், நம் வளர்ச்சியையும் மகப்பேற்றையும் பிற சுரப்பிகள் பலவற்றின் தொழிலையும் ஆள்வது இதுவே.

இச்சுரப்பியில் கட்டி தோன்றுவதுண்டு. பெரும்பாலும் அது புற்றுநோயன்று. ஆயினும் அது இருக்கும் இடம் அஞ்சத்தக்கது. நேர் மேலே இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்கின்றன. கட்டி மேலோங்கி அவற்றை அழுத்துமாயின், இரு புறத்துப் பார்வையும் மறையத் தொடங்கும். எதிரேயுள்ள எழுத்துத் தெரியும். பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. நோயாளியோ கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பார்.

வேறு சிலருக்கு வளர்ச்சிக்குரிய சுரப்பு மிகும். மோதிரம் கழலாது, செருப்பின் அளவு கூடும், முகம் பருக்கும். மாற்றம் மெல்ல வருவதால் உடனிருப்போர் அறியார். ஆண்டுகள் சில கழித்து ஊருக்குச் செல்லும்போது, உறவினரே முதலில், "முகம் மாறிவிட்டதே!" என்பர். அயல் மாநிலங்களில் வாழும் நாம் அச்சொல்லை நகைத்து ஒதுக்கலாகாது.

இக்கட்டியை அகற்றுவது எங்ஙனம்? மண்டையோட்டைத் திறந்து மூளையை விலக்கிச் செல்வது ஒரு வழி. 1907-இல் இன்ஸ்ப்ரூக் நகரில் ஷ்லோபர் என்பார் மூக்கின் வழியே சென்று வெற்றி கண்டார். அமெரிக்க அறிஞர் ஹார்வி குஷிங் அம்முறையைச் செம்மை செய்து, பின்னர்த் தாமே கைவிட்டார். உலகமும் அவரைப் பின்பற்றிற்று. ஆயினும் அவரிடம் பயின்ற எடின்பரோவின் நார்மன் டாட் அதனை விடாது காத்தார். அவரிடமிருந்து பாரிசின் கியோவும், கியோவிடமிருந்து மாண்ட்ரியாலின் ஹார்டியும் கற்றனர். 1960-களில் ஹார்டி நுண்பெருக்கியைக் கொணர்ந்தபின் இம்முறை மீண்டும் தழைத்தது. 1990-களில் விளக்கும் ஆடியும் பொருந்திய மெல்லிய குழலாம் எண்டோஸ்கோப் வந்தது.

இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு மூக்குத் துளை வழியே, முகத்தில் வடுவின்றிக் கட்டி அகற்றப்படுகின்றது. எல்லார்க்கும் கத்தி வேண்டுவதில்லை. புரோலாக்டின் என்னும் சுரப்பைப் பெருக்கும் கட்டி பெரும்பாலும் மாத்திரையாலேயே சுருங்கும். பக்கவாட்டில் பெரிதும் பரவியதற்கோ மண்டையைத் திறக்க நேரலாம்.

சிகிச்சைக்குப்பின் நாம் கருதவேண்டுவன சில. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் அதனைச் சளியென்று இருந்துவிடலாகாது; மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதாக இருக்கலாம். அடங்காத் தாகமும் மிகுந்த சிறுநீரும் உடனே மருத்துவரிடம் கூறத்தக்கவை. ஸ்டீராய்டு மாத்திரை தரப்பட்டிருப்பின், உடல் நலமாயிற்றென்று தாமே நிறுத்துவது உயிருக்கே ஊறாகும். பணி மாற்றத்தால் ஊர் மாறுவோர் ஸ்கேன் படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்க.

1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியபோது, நாட்டில் இத்தகைய துறை வேறெங்கும் இல்லை. இன்று தில்லி, மும்பை முதலிய நகரங்களிலும் இச்சிகிச்சை உண்டு. ஆதலின், விடுமுறைக்கு ஊர் சென்று பார்ப்போம் எனக் காத்திருத்தல் வேண்டா. நரம்பு நெடுநாள் அழுந்தினால், கட்டி போனபின்னும் பார்வை முற்றும் மீளாது போகலாம். காலத்தே சென்றால் கண்ணைக் காக்கலாம்.