இலைக்கருகலும் தாத்தாவோட தண்ணி டம்ளரும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல இருக்கு. தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாசம் ஆகுது. கை, கால் ஓரளவு தேறிடுச்சு. ஆனா தண்ணி குடிச்சா புரையேறுது. தண்ணி நுரையீரலுக்குப் போனா நிமோனியா வரலாம்னு சொல்லி, ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு பொடி எழுதிக் கொடுத்தாங்க. டம்ளர்ல கலந்தா தண்ணி கொழகொழன்னு ஆகி, தொண்டையில மெதுவா இறங்கும். விலையைப் பார்த்துட்டு அம்மா, "இதுக்கு மக்காச்சோள மாவையே கரைச்சுக் கொடுத்துடலாமே"ன்னாங்க. மாவு எச்சில் பட்டதும் இளகிடும், இது இளகாது. அதான் வித்தியாசம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: சாந்தன் கம்.

நீங்களும் சாப்பிட்டிருப்பீங்க. ஐஸ்கிரீம், பாட்டில் சாஸ், பாக்கெட் மயோனைஸ், டூத்பேஸ்ட் வரைக்கும் இருக்கு. இன்னொரு பிரபலமான பசையான குவார் கம், நம்ம கொத்தவரை விதையிலிருந்து வருது, ராஜஸ்தான்ல கொட்டிக் கிடக்கு. சாந்தன் அப்படி வயல்ல விளையறது இல்ல. அதைச் செய்யறது சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ்ங்கிற பாக்டீரியா. முட்டைக்கோஸ்ல கருப்பு அழுகல் நோய் கொண்டுவர்ற அதே ஆள். அமெரிக்க விவசாயத் துறையோட பியோரியா ஆய்வகத்துல அலீன் ஜீன்ஸ்ங்கிற வேதியியலாளரோட குழுதான் இந்தப் பசையை முதல்ல ஆராய்ஞ்சது. 1964-ல வணிக உற்பத்தி, 1969-ல உணவுல சேர்க்க அனுமதி.

இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் வேற. இதோட பங்காளி சாந்தோமோனாஸ் ஒரைசே. நெல்லுல பாக்டீரியா இலைக்கருகல் கொண்டுவர்றது அதுதான். நான் ஸ்கூல் படிக்கிறப்போ தாத்தாவோட பிபிடி வயல் இதுல பாதி போச்சு. அப்ப யாரோ கருகின இலையை வெட்டி, ஒரு டம்ளர் தண்ணியில நிறுத்தி வச்சுக் காட்டினாங்க. வெட்டின இடத்துலேர்ந்து பால் மாதிரி ஒரு கசிவு இழை இழையா இறங்குச்சு. பாக்டீரியாவும் பசையும் சேர்ந்த கசிவு அது.

அந்தப் பசை சும்மா இல்ல. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில ரமேஷ் சோன்டியோட குழு 1999-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நெல் பாக்டீரியாவுல பசை செய்யற ஒரு மரபணு உடைஞ்சு போனா, பசையும் இல்ல, நோய் உண்டாக்குற திறனும் போயிடுது. விவசாயிக்கு இந்தப் பசை நிக்கணும். ஃபேக்டரிக்காரனுக்கு இன்னும் நிறைய வேணும்.

சரி, எப்படி நிறைய வாங்குறது? பழைய வழி: புற ஊதா ஒளியோ கெமிக்கலோ காட்டி மரபணுவுல கண்ணை மூடிக்கிட்டு மாற்றங்களை உண்டாக்குறது. அப்புறம் ஆயிரக்கணக்கான காலனியில பளபளன்னு வழவழன்னு இருக்கறதைப் பொறுக்கி எடுக்கறது. கோட்ல எங்கயோ ஒரு வரியை மாத்திட்டு டெஸ்ட் ஓட்டிப் பாக்குற மாதிரி. எங்க டீம்ல இப்படிப் பண்ணா வேலை போயிடும்.

பிரச்சினை அதுக்கப்புறம்தான். ஒரு செல்லுக்குப் பசை செய்யறது செலவு. தின்ன சர்க்கரையில பெரும் பங்கு அதுக்கே போகுது. ஃபிளாஸ்க்ல சோறு தாராளமா கிடைக்கும்போது, பசை செய்யாம ஏமாத்துற செல்தான் வேகமாப் பெருகும். மாத்தி மாத்தி வளர்த்துக்கிட்டே இருந்தா, கஷ்டப்பட்டுத் தேடின ரகம் மெல்ல சீரழிஞ்சுடும். பியோரியா ஆட்களே இப்படிப்பட்ட சின்னக் காலனிகளைப் பார்த்து எழுதியிருக்காங்க: பசை குறைவு, தரமும் மட்டம். அதனால நல்ல ரகத்தைக் குட்டிக் குப்பிகள்ல உறைய வச்சுட்டு, ஒவ்வொரு பேட்சையும் அந்த மூலக் குப்பியிலிருந்தே தொடங்குறாங்க. கிட்ல டேக் போட்டு வச்ச ரிலீஸ்னு வச்சுக்கோங்க.

இன்னொரு தலைவலி ஆக்சிஜன். லிட்டருக்கு 20, 30 கிராம் பசை சேர்ந்தாலே தொட்டி கஞ்சி மாதிரி ஆயிடும். காற்று உள்ள இறங்காது, கலக்குற மோட்டார் திணறும், காற்று இல்லாம பாக்டீரியா சோர்ந்துடும். ரகம் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் இந்தச் சுவர்ல வந்து முட்டித்தான் ஆகணும்.

அதனால பசையோட அளவை மட்டும் பாக்காம வேற கோணத்துலயும் இறங்கினாங்க. பசை செய்யற வேலை கம்-பி முதல் கம்-எம் வரைக்கும் 12 மரபணுக்கள் வரிசையா உக்காந்திருக்குற ஒரு தொகுப்பு. எதைத் தொட்டா என்ன ஆகும்னு தெரியும். பசைச் சங்கிலியோட பக்கக் கிளையில பைருவேட் ஒட்டுற மரபணு ஒண்ணு இருக்கு, அதை எடுத்துட்டா கெட்டித்தன்மை மாறிடும். தைவான்ல 1990-ல ஈ.கோலை பாக்டீரியாவோட மரபணுவை இதுக்குள்ள வச்சு, பால்பண்ணையில மிஞ்சுற மோர்த்தண்ணியோட லாக்டோஸையே தின்னு பசை செய்ய வச்சாங்க. ஜெல்லன்னு இன்னொரு பசை செய்யற பாக்டீரியாவுல, சர்க்கரையைக் கொழுப்பு மாதிரி ஒரு பொருளாச் சேமிச்சு வைக்கிற பாதையை அடைச்சாங்க. சேமிப்பை நிறுத்தினா பசைக்குக் காசு மிஞ்சும்னு கணக்கு.

இதெல்லாம் தாத்தாகிட்ட சொன்னேன். பேச்சு இன்னும் குழறுது, ஆனா காது நல்லாவே கேக்கும். "அந்தக் கருகல் பூச்சியோட பங்காளியாடா இதுல இருக்கு?"ன்னார். ஆமா தாத்தான்னேன். டம்ளரைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்ப அந்த வருஷ வெள்ளாமைக்குக் காசு கேளு"ன்னார். குடிச்சார். புரையேறல.