கூரையின் கீழ் ஓர் ஆடுகளம்



மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். அன்றைய வருமானமும் குறையும். இதனை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விளையாட்டுக்கும் மழை பகைதான். ஆனால் பூப்பந்தாட்டத்திற்கு மழையினும் காற்றே பெரும்பகை. 16 இறகுகள் செருகிய அப்பந்தின் எடை ஏறத்தாழ 5 கிராம் மட்டுமே. இலை அசையும் அளவு காற்று வீசினாலும் அது வழி மாறிவிடும்.

கோலாலம்பூரில், மெர்டேக்கா அரங்கிற்கு அருகில், 1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நெகாரா அரங்கம் திறக்கப்பட்டது. கூரை வேய்ந்த பெரிய விளையாட்டரங்கம் நம் நாட்டில் அதுவே முதலாவது. சுமார் 10,000 பேர் அமரலாம். பார்வையை மறைக்க நடுவே தூண்கள் இல்லை. வெளியே இடி முழங்கினாலும் உள்ளே ஆட்டம் தடைபடாது. இசை நிகழ்ச்சிகளும் அங்கு நடைபெற்றதுண்டு. எனினும் இத்தகைய பெருங்கூடங்களில் பாட்டு எதிரொலித்துக் கலங்கிவிடுவதால், அவை ஆட்டத்திற்கே பொருத்தமானவை என்பது நம் கருத்து.

1970இல் தாமஸ் கிண்ண இறுதியாட்டம் இந்த அரங்கில்தான் நடந்தது. இந்தோனேசியா 7-2 எனும் கணக்கில் நம்மை வென்றது. 1992 மே 16இல் அதே அரங்கில், அதே இந்தோனேசியாவை நாம் 3-2 எனும் கணக்கில் வென்றோம். 1967க்குப் பிறகு, 25 ஆண்டுகள் கழித்துக் கிண்ணம் நாடு திரும்பியது. அந்த வெற்றியில் பங்குகொண்ட ராசிப், ஜலானி, ராசிட் ஆகிய சிடேக் சகோதரர்கள் நகரத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். பந்திங் வட்டாரக் கம்பத்தில், வீட்டருகே ஆடுகளம் அமைத்துத் தந்தையே அவர்களைப் பழக்கினார்.

தோட்டங்களிலும் ஆடுகளங்கள் உண்டு, ஆர்வமும் உண்டு. ஆயின், காற்று அடங்கியிருப்பது விடியற்காலையில். அதுவோ வெட்டுக்குச் செல்லும் வேளை. நம் இளைஞர்க்குக் கிடைப்பது காற்று வீசும் பிற்பகல்தான். வெளியில் காற்றுக்கேற்ப அடித்துப் பழகிய கை, மாவட்டப் போட்டிக்காக மூடிய மண்டபத்துள் நுழைந்ததும் தடுமாறுகிறது. திறமை இருந்தும் முதற்சுற்றிலேயே திரும்பிவிடுகின்றனர்.

தோட்டந்தோறும் ஒரு நெகாரா அரங்கம் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. திருமணத்திற்கும் கூட்டத்திற்கும் மட்டுமே திறக்கப்படும் பொது மண்டபங்கள் சில தோட்டங்களில் உள்ளன. உயர்த்தி அடிக்கும் பந்து முட்டாத அளவுக்குக் கூரை இருந்தால், நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கி, வாரத்தில் மூன்று மாலைகளேனும் அவற்றை இளைஞர்க்குத் திறந்துவிடலாம். இளைஞர் மன்றத்தார் நிர்வாகத்தை அணுகிக் கேட்க வேண்டும். விளக்குச் செலவை யார் ஏற்பது, சாவியை யார் வைத்திருப்பது என்பனவற்றையும் அப்பொழுதே பேசி முடித்துக்கொள்வது நல்லது.