அணில் நடக்கும் பாதை



சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் தெற்கே வருகிறவர்கள் சிவகாசி தாண்டியதும் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு வலப்பக்க ஜன்னலோரம் வந்துவிட வேண்டும். அதுவரை இரண்டு பக்கமும் கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படுகிற நேரத்தில் மேற்கே மலை எழுந்து நிற்கும். அங்கிருந்து ராஜபாளையம் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுக்க மலை நம் கூடவே வரும். காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழுவதால் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு பாறையும் தெளிவாகத் தெரியும்.

இன்றைக்கு அந்த மலைக்குத்தான் போகப் போகிறோம். ஆனால் உச்சிக்குப் போகவில்லை. அடிவாரத்தோடு நின்றுகொள்வோம். காடு என்றதும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும், ஏற ஏறத்தான் அதிசயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த மலையில் நாம் பார்க்க வேண்டிய முதல் உயிர், புளியமரமும் மாமரமும் நிற்கிற கீழ்க்காட்டில் இருக்கிறது. அதன் பெயர் சாம்பல் நிற மலை அணில்.

உலகத்தில் இது இரண்டே நாடுகளில்தான் உண்டு. தென்னிந்தியாவில் சில மலைப்பகுதிகளில் இருக்கிறது. கடல் தாண்டினால் இலங்கையில் இருக்கிறது. வேறெங்கும் கிடையாது. இந்த ஓர் அணிலுக்காகவே 1988-இல் தமிழக அரசு இங்கே 485 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமாக அறிவித்தது. யானைக்கும் புலிக்கும் காடு ஒதுக்குவதைக் கேள்விப்பட்டிருப்போம். ஓர் அணிலின் பெயரில் இவ்வளவு பெரிய காடு என்பது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய விஷயம் என்றே நான் சொல்வேன். பிறகு 2021 பிப்ரவரியில் இதையும் தேனிப் பக்கத்து மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இந்தியாவில் 51-ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேலே.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர் அளவில் செண்பகத்தோப்பு. ஊரை விட்டு வெளியே வந்ததும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, மறுபடி தென்னந்தோப்பு என்று போகும் சாலை, வனத்துறைச் சோதனைச் சாவடியில் வந்து நிற்கும். அங்கே பெயரைப் பதிந்து, எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொண்டு, காலையிலேயே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அணில் கிளையில் படுத்துவிடும். பிறகு மாலையில்தான் எழுந்து நடமாடும்.

எப்படித் தேடுவது? முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மரத்தின் மேலிருந்து 'கட கட கட' என்று இடைவெளி விட்டு ஒரு சத்தம் வரும். அந்தத் திசையில் நகராமல் நின்று அண்ணாந்து பாருங்கள். இலைக்கூட்டத்துக்கு நடுவே ஒரு வால் தொங்கும். உடம்பு எவ்வளவு நீளமோ ஏறக்குறைய வாலும் அவ்வளவு நீளம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு அடிக்குக் குறையாது. முதுகிலும் வாலிலும் நரைத்த முடி. நம் வீட்டுக் கொல்லையில் ஓடுகிற மூன்று கோட்டு அணிலை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் இது கண்ணில் படவே படாது.

இந்த அணில் தரைக்கு இறங்குவது மிக அபூர்வம். சாப்பிடுவது, தூங்குவது, குட்டி போடுவது எல்லாம் மரத்தின் மேலேதான். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது நடமாட முடியும். கூடு கட்டும்போதும், சுற்றிலும் கிளைகள் பின்னிக் கிடக்கிற மரமாகப் பார்த்துத்தான் கட்டுகிறது. பருந்தோ மரநாயோ வந்தால் எந்தப் பக்கமும் தாவித் தப்ப வேண்டுமே. ஆகவே வரிசையில் ஒரே ஒரு புளியமரத்தை வெட்டினால் ஒரு மரம் போனதாக மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது. ஒரு பாலம் போயிற்று என்று கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்து அணிலும் இந்தப் பக்கத்து அணிலும் அதற்குப் பிறகு சந்திக்க வழியில்லை. செண்பகத்தோப்பில் நிற்கும்போது மரங்களின் உச்சிகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். எங்கே தொடுகிறது, எங்கே விட்டுப்போகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் இந்தக் காட்டைப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடிவாரத்தில் மனிதர்களும் இருக்கிறார்கள். பளியர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் செண்பகத்தோப்பிலும், ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கத்திலும், தாணிப்பாறைப் பக்கத்திலும் உண்டு. தேனெடுப்பதும் காட்டுப் பொருள் சேகரிப்பதும் அவர்களுடைய பரம்பரைத் தொழில். எந்தப் பாறையில் தேனடை, எந்த மரத்தில் அணில் கூடு, யானை எந்த வழியாக இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வனத்துறை அனுமதியோடு அவர்களில் ஒருவர் உடன் வந்தால் உங்கள் பயணமே வேறாகிவிடும். அவருக்கு உரிய கூலியை மனம் கோணாமல் கொடுங்கள்.

தோப்புக்காரர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று ராஜபாளையம் மாம்பழத்துக்குப் பெயர் போன தோப்புகள் இந்த அடிவாரத்தில்தான் இருக்கின்றன. பழம் பழுக்கிற காலத்தில் யானை இறங்கும். தென்னங்குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். ஒரே இரவில் பல வருட உழைப்பு சாய்ந்துவிடும். அப்படியிருந்தும் இந்தத் தோப்பு மரங்கள் நிற்கிற வரைக்கும்தான் அணிலுக்கும் வழி இருக்கிறது. காட்டைக் காப்பதில் இந்த விவசாயிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும்.

இனி ராஜபாளையம் பக்கம் வருவோம். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அய்யனார் கோவில். நீர்காத்த அய்யனார் என்று மக்கள் கும்பிடுகிற சாமி. ஆற்றைக் கடந்துதான் கோவிலுக்குப் போக வேண்டும். பாறைகளுக்கு நடுவே தெளிந்த தண்ணீர். குளிக்கும்போது எலும்பு வரை குளிரும். மலையிலிருந்து வருகிற தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து ராஜபாளையம் நகரத்துக்குக் குடிநீராகிறது. அதனால் சோப்பு, ஷாம்பு, எண்ணெய், துணி துவைப்பது எதுவும் அந்த ஆற்றில் கூடாது. அது நாளைக்கு ஒரு குழந்தை குடிக்கப்போகிற தண்ணீர்.

இந்த ஆறுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதைக் கவனமாகக் கேளுங்கள். மலையின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, கிழக்கே நம் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். இங்கே நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மலை செங்குத்து, ஆறு குட்டை. மேலே பெய்கிற மழை கொஞ்ச நேரத்தில் கீழே வந்துவிடும். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், உச்சியில் மேகம் உடைந்துகொண்டிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், செருப்பைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறிவிடுங்கள். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அய்யனார் கோவிலில் அக்கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்டதும் நடந்திருக்கிறது. மழை நாளில் வனத்துறை வழியை மூடினால் அவர்களோடு வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

சதுரகிரியைச் சொல்லிவிட்டேன். வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கம் சந்நிதிக்கு ஏறும் பாதை அது. ஆடி அமாவாசைக்கு ஏறுகிற கூட்டம் மிகப் பெரிது. பக்தி இருக்கிறவர்கள் போகட்டும். காடு பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது. அவ்வளவு கால்களுக்கு நடுவே எந்த விலங்கும் வெளியே வராது. ஏற அனுமதிக்கும் நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், முன்கூட்டியே விசாரியுங்கள். அதே வத்திராயிருப்பில் பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் உண்டு. மாலையில் அணைக்கரையில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம்.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். புல்வெளிகளில் வரையாடு, மழைக்காட்டில் சோலைமந்தி, கருமந்தி, இருவாச்சி, காட்டெருமை. மேற்கே கேரளத்தின் பெரியார் புலிகள் காப்பகம் ஒட்டிக்கொண்டிருப்பதால் புலிக்கும் யானைக்கும் எல்லை கிடையாது. வடக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளில்தான் வைகை பிறக்கிறது. மதுரைக்காரர்கள் குடிக்கிற தண்ணீருக்கும் இந்தக் காட்டுக்கும் உள்ள உறவு அது. அந்த உள்காட்டில் நமக்கு வேலையில்லை. அங்கே போக வனத்துறை எல்லோரையும் விடுவதில்லை, விடாமலிருப்பதே சரி.

போக ஏற்ற காலம் மார்கழி, தை. மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கும். மாசி பிறந்ததும் புல் காய்ந்துவிடும். பிறகு கோடை முடியும்வரை காட்டுத்தீ அபாயம். அந்த மாதங்களில் ஒரு பீடித்துண்டு போதும், மலைச்சரிவு இரவெல்லாம் எரியும். தீப்பெட்டியைச் சோதனைச் சாவடியிலேயே கொடுத்துவிடுங்கள். பளிச்சென்ற நிறத்துணி வேண்டாம், செல்போனில் பாட்டு வேண்டாம். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போகாதீர்கள். குரங்குக்கு ஒருமுறை ஊட்டினால் அது சாலையோரத்தில் கையேந்தி உட்கார்ந்து வண்டியில் அடிபட்டுச் சாகும்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு குழந்தைகளோடு ஒரு தை மாதக் காலையில் செண்பகத்தோப்புக்குப் போய் வாருங்கள். கொண்டுபோன தண்ணீர் பாட்டிலையும் தின்பண்டக் காகிதத்தையும் மறக்காமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.