அப்புறம், எரிபொருள் தீரப்போகுது சார்

உங்ககிட்டேருந்து அடிக்கடி வர்ற ஒரு கேள்வி: "மீட்டிங்ல நான் சொல்றதை யாருமே காதுல வாங்கிக்கிறதில்லை. என்ன பண்றது?"

குரலை உயர்த்துங்க, கண்ணைப் பார்த்துப் பேசுங்கன்னு நிறைய பேர் சொல்வாங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்லை. அதுக்குப் பதிலா ஒரு விமான விபத்தைப் பத்திச் சொல்றேன்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியான்கா 52, ஒரு போயிங் 707. நியூயார்க்ல வானிலை மோசம். ஒரு மணி நேரத்துக்கும் மேல வானத்திலேயே வட்டமடிக்க வைக்கிறாங்க. முதல் தடவை இறங்கப் பார்த்து, முடியாம மறுபடி மேலே ஏறுறாங்க. அவசரநிலைன்னு சொல்லுன்னு கேப்டன் துணை விமானிகிட்ட சொல்றார். அவர் என்ன செஞ்சார் தெரியுமா? கட்டுப்பாட்டாளர் கொடுத்த உத்தரவைத் திருப்பிச் சொல்லிட்டு, கடைசியில வால் மாதிரி, எரிபொருள் தீர்ந்துக்கிட்டிருக்குன்னு சேர்த்துக்கிட்டார். சொல்லிட்டியான்னு கேப்டன் கேட்டதுக்கு, சொல்லிட்டேன்னார். பொய் இல்லை, சொன்னார்தான்.

ஆனா 'எமர்ஜென்சி'ங்கிற சொல்லை அவர் கட்டுப்பாட்டாளர்கிட்ட கடைசி வரை சொல்லவே இல்லை. இறங்க வர்ற எந்த விமானத்துலயும் எரிபொருள் குறைவாத்தான் இருக்கும். அந்த ஒரு சொல் வந்திருந்தா, மத்த விமானங்களை ஒதுக்கி வழி விட்டிருப்பாங்க.

என்னைத் தூங்கவிடாத இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. இன்னும் 15 மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்புறேன், உங்க எரிபொருளுக்கு அது சரியான்னு கட்டுப்பாட்டாளரே கேட்கிறார். சரின்னு நினைக்கிறேன், ரொம்ப நன்றின்னு பதில் போகுது!

லாங் ஐலண்ட்ல கோவ் நெக்ங்கிற ஊர்ல விமானம் விழுந்தது. 158 பேர்ல 73 பேர் இறந்தாங்க. விமானிகள் எரிபொருளைச் சரியா கவனிக்கலைன்னும் விசாரணை அறிக்கை சொல்லுது. அவசரநிலையைத் தெரிவிக்கலைங்கிறதும் அதுல இருக்கு.

இப்ப நம்ம ஆபீஸுக்கு வருவோம். "மத்தபடி எல்லாம் ஓகே சார், அந்த பேமென்ட் டெஸ்டிங்தான் கொஞ்சம்..." இதுல 'கொஞ்சம்'னா வெள்ளிக்கிழமை ரிலீஸ் போகாதுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியும், பக்கத்து சீட்காரருக்கும் தெரியும். மேனேஜருக்கு எப்படித் தெரியும்?

பெரியவங்க முன்னாடி அடக்கமாப் பேசணும்னு வளர்ந்தவங்க நாம. மரியாதையை விடச் சொல்லலை, 'சார்' இருக்கட்டும். முக்கியமானதை முதல்ல வைங்க: "சார், வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ண முடியாது. பேமென்ட் டெஸ்டிங் முடியலை. செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளலாமா?" கேட்டுட்டு நிறுத்திடுங்க. அந்த அமைதி சங்கடமாத்தான் இருக்கும், நீங்களே போய் அதை நிரப்பாதீங்க. விமானத் துறையில இளைய விமானிகளுக்கு இதையே பயிற்சியா கொடுக்கிறாங்க: ஆளைக் கூப்பிடு, பிரச்சினையைச் சொல்லு, வழி சொல்லு, பதில் வாங்கு.

அதே விஷயத்தை இன்னொருத்தர் சொன்னா மட்டும் தலையாட்டுற ஆபீஸ் உண்டு. அது பதவி விவகாரம், சில இடத்துல ஆண்-பெண் விவகாரம். பேசுற முறையை மாத்தி அதைச் சரி பண்ண முடியாது. அதுக்குத் தனி எபிசோடே வேணும்.

சரி, மேனேஜர் "பார்க்கலாம்"னு சொன்னா? அது பதில் இல்லை. "எப்போ சார் சொல்வீங்க?"ன்னு கேளுங்க. மீட்டிங் முடிஞ்ச கையோட ரெண்டு வரி மெயிலும் போட்டுடுங்க.