காஃபின் இல்லை, சரி... வேற என்ன இருக்கு? ஆவாரம்பூவும் நிலாவாரையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை. நானும் ஒரு டம்ளரும் மட்டும்தான். டம்ளருக்குள்ள இளமஞ்சள் நிறத்துல சுடச்சுட ஆவாரம்பூ டீ. எங்க ஊர் சேரன்மகாதேவியில இருந்து ஆச்சி காயவெச்சுக் கொடுத்தனுப்பின பூ. இதை எப்படிப் போடணும், இதுல என்ன நல்லது, யார் குடிக்கக்கூடாது, எல்லாம் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லியாகணும்.

எனக்குத் தூக்கப் பிரச்னை இருந்துச்சு. ஐடி வேலை, ராத்திரி கால், ஒரு நாளைக்கு அஞ்சு காபி. என் சித்தி பொண்ணும் சென்னையிலதான் இருக்கா, அவளும் அப்படித்தான். ஒரு நாள் ஆன்லைன்ல ஒரு டப்பா பார்த்தேன். "காஃபின் இல்லை, முழுக்க மூலிகை, உடம்பைச் சுத்தம் செய்யும்"னு போட்டிருந்துச்சு. ரெண்டு வாங்கினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு தங்கச்சிக்கு. நான் ரெண்டு நாள் குடிச்சேன், வயிறு பிசைஞ்சுது, நமக்குச் செட் ஆகலைன்னு விட்டுட்டேன். அவ விடலை. ஏன்னா அவளுக்கு எடை குறைஞ்சுது. நாலு மாசத்துல கல்யாணம். தினமும் ராத்திரி ஒரு கப், தீர்ந்தா அடுத்த டப்பா.

ரெண்டு மாசம் தாண்டி, ஆபீஸ் படிக்கட்டுல மயங்கி விழுந்துட்டா. கால்ல பலமே இல்லை, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்னா. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கேம்மா, பேதி மருந்து ஏதாவது எடுக்கிறியா?" இவ இல்லைன்னு சொன்னா. பொய் சொல்லலை. அது பேதி மருந்துன்னு அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஓய்வுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்த டப்பாவும் பையோட வந்துடுச்சு. ஆச்சி பொட்டலத்தைப் பிரிச்சு இலையை உள்ளங்கையில கொட்டி மோந்து பார்த்தா. "ஏய்யா, இது நிலாவாரைல்லா! பேதிக்குல்லா குடுப்பாவ. இதையாட்டி தெனமும் குடிச்ச?"ன்னு தங்கச்சியைப் பார்த்துக் கேட்டா. டப்பாவுக்குப் பின்னாடி பொடி எழுத்துல "சென்னா இலை"ன்னு போட்டிருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் அதை வாசிச்சிருந்தோம். ஏதோ வெளிநாட்டு மூலிகைன்னு நினைச்சுக்கிட்டோம்.

இதுல வேடிக்கை என்னன்னா, அது எங்க சீமை இலை. உலகச் சந்தையில அந்த இலைக்குப் பேரே "டின்னவெலி சென்னா". அதாவது திருநெல்வேலி சென்னா. அரபு நாட்டுப் பக்கத்துல இருந்து வந்த செடி, நம்ம மானாவாரி நிலத்துல நல்லா வளர்ந்துச்சு. சாத்தான்குளம் மாதிரி இடங்கள்ல விளையும், தூத்துக்குடித் துறைமுகம் வழியா கப்பல் ஏறும். அந்தப் பகுதியெல்லாம் 1986 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்தான்.

நிலாவாரை என்ன செய்யும்?

நிலாவாரை கெட்ட இலை இல்லை. மலச்சிக்கலுக்கு அருமையான மருந்து. சித்த மருந்துக் கடையில நிலவாகைச் சூரணம்னு விக்கிறாங்களே, அது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் சென்னா இருக்கு. ஆனா அது மருந்து. தாகத்துக்கும் பொழுதுபோக்குக்கும் குடிக்கிற பானம் இல்லை.

அதுல சென்னோசைடுன்னு ஒரு பொருள் இருக்கு. அது சிறுகுடல்ல அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகும். அங்க இருக்கிற பாக்டீரியா அதை மாத்தின பிறகுதான் வேலை செய்ய ஆரம்பிக்கும். குடலைச் சுருங்க வைக்கும், தண்ணியை உள்ளயே நிக்க வைக்கும். குடிச்சு 6-ல இருந்து 12 மணி நேரத்துல வயிறு போகும். அதனாலதான் "ராத்திரி குடிங்க, காலையில லேசா உணர்வீங்க"ன்னு டப்பாவுல போடுறாங்க.

எடை குறையுதேன்னு கேட்டா, நாம சாப்பிட்ட சோத்துல இருக்கிற சத்தெல்லாம் சிறுகுடல்லயே ஏறிடுது. இந்த இலை வேலை செய்றது அதுக்கு அப்புறம். குறையிறது தண்ணியும் மலமும்தான், கொழுப்பு இல்லை. தண்ணியோட சேர்ந்து பொட்டாசியமும் போகுது. பொட்டாசியம் குறைஞ்சா தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். டாக்டர் சொல்லாம ஒரு வாரத்துக்கு மேல எடுக்கக்கூடாதுங்கிறது இந்த மருந்துக்கான பொதுவான அறிவுரை. என் தங்கச்சி எடுத்தது ரெண்டு மாசத்துக்கு மேல.

அதனால ஒரு வேலை செய்யுங்க. வீட்டுல "டீடாக்ஸ்", "ஸ்லிம்" அப்படின்னு எந்த டீ இருந்தாலும் பின்பக்கம் வாசிங்க. சென்னா, சனாய், சோனாமுகி, நிலவாகை, கேசியா அங்குஸ்டிஃபோலியா, இதெல்லாமே ஒரே இலைதான்.

காஃபினை ஏன் குறைக்கணும்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். பிளாக் டீ, கிரீன் டீ, ஒயிட் டீ எல்லாமே ஒரே தேயிலைச் செடிதான். எங்க ஊர்ல இருந்து மேற்கே பார்த்தா தெரியுற மலைத்தொடர்ல மாஞ்சோலைன்னு ஒரு இடம். சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 1929-ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை போட்டாங்க. அந்த மாதிரித் தோட்டத்துல இருந்து வர்ற எந்த இலையா இருந்தாலும், எந்தக் கலர்ல காயவெச்சாலும் அதுல காஃபின் உண்டு. தூக்கம் வரலைன்னு ராத்திரி கிரீன் டீ குடிக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க.

முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேரும். அதுதான் "போதும், படு"ன்னு சொல்ற சமிக்ஞை. காஃபின் போய் அதோட இடத்துல உட்கார்ந்துக்கும். களைப்பு போகலை, களைப்பு தெரியலை, அவ்வளவுதான். உடம்புல இருக்கிற காஃபின் பாதியாகவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்ச காபியில பாதி, ராத்திரி 11 மணிக்கும் உங்களுக்குள்ள இருக்கு.

ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைக்கும் பெரிய பிரச்னை இல்லைன்னு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லுது. கர்ப்பிணிகளுக்குப் பொதுவா 200-க்குள்ள வெச்சுக்கச் சொல்றாங்க. அதனால காபியே விஷம்னு நான் சொல்ல வரலை. காலையில நானும் ஃபில்டர் காபிதான். சாயங்காலத்துக்கு மேல கையில சூடா பிடிச்சுக்க ஒரு டம்ளர் வேணும், அது தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆச்சியோட ஆவாரம்பூ

சேரன்மகாதேவின்னா எல்லாரும் தாமிரபரணி, வயல், வாழைன்னுதான் நினைப்பாங்க. கன்னடியன் கால்வாய் தண்ணி பாயுற வரைக்கும் அப்படித்தான். அதைத் தாண்டித் தெற்கே போனா வறண்ட தரை. அங்கதான் ஆவாரை மஞ்சளா பூத்து நிக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுறதுல இந்தப் பூவும் உண்டு. ஆவாரை பூத்திருக்கிற ஊர்ல சாவே இல்லைங்கிற மாதிரி ஒரு பழமொழிகூட இருக்கு. இலங்கையில இதை ரணவரான்னு சொல்லி சாதாரண பானமா குடிக்கிறாங்க. ஆங்கிலத்துல இந்தச் செடிக்கு "மாத்தறைத் தேயிலை"ன்னே ஒரு பேர் உண்டு.

ஆவாரையும் நிலாவாரையும் ஒரே பேரினம், சொந்தக்காரச் செடிகள். அதனால நாம எடுக்க வேண்டியது ஆவாரையோட பூவை மட்டும். இலை, விதை எல்லாம் வேண்டாம். பொன்னாவாரைன்னு இன்னொரு செடியும் மஞ்சளா பூக்கும், அதோட விதை குழந்தைகளுக்கு விஷம். நீங்களே பறிக்கிறதா இருந்தா ஆச்சி சொன்ன அடையாளத்தைப் பாருங்க: ஆவாரையில இலைக்காம்பு தொடங்குற இடத்துல காது மடல் மாதிரி வட்டமா ஒரு சின்ன இலை இருக்கும். காய் தட்டையா, காகிதம் மாதிரி மெலிசா இருக்கும். ரெண்டும் இல்லைன்னா தொடாதீங்க. ஹைவே ஓரத்துப் பூவும் வேண்டாம், புகையும் தூசியும்தான் வரும்.

பறிச்ச பூவுல எறும்பு போக உதறி, ஒரு தடவை அலசி, இதழை மட்டும் ஆஞ்சு, கோரைப்பாயில நிழல்ல மூணு நாலு நாள் காயவெக்கணும். வெயில்ல போட்டா நிறம் போயிடும். கையில பிடிச்சா சருகு மாதிரி நொறுங்கணும். அப்புறம் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டில்ல போட்டு மூடிடலாம்.

போடுற முறை ரொம்ப எளிது. ஒரு ஆளுக்கு 200 மில்லி தண்ணி. நல்லா கொதிச்சதும் அடுப்பை அணைச்சிடுங்க. காய்ஞ்ச இதழ் ஒரு டீஸ்பூன் போடுங்க. பச்சைப் பூவா இருந்தா பத்துப் பன்னிரண்டு. மூடிவெச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு வடிகட்டுங்க. பூவைப் போட்டுக் கொதிக்க விடாதீங்க, துவர்ப்பு ஏறி நாக்கு இழுக்கும். இந்தச் செடியோட பட்டையில தோல் பதனிடுவாங்க, அவ்வளவு துவர்ப்புச் சத்து. தட்டின சுக்கு ஒரு சிட்டிகை இல்லைன்னா ஒரு ஏலக்காய் சேர்த்தா வாசனை நல்லா இருக்கும். இனிப்பு வேணும்னா சுண்டைக்காய் அளவு கருப்பட்டி. ஆனா கருப்பட்டியும் சர்க்கரைதான், சுகர் உள்ளவங்க ஏமாந்துடாதீங்க. சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்காதீங்க, துவர்ப்புச் சத்து இரும்புச்சத்து சேர்றதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க.

நல்லது எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு?

உறுதியா சொல்லக்கூடிய நன்மை: காஃபின் இல்லை, வயித்துக்கு இதமா இருக்கு, சாயங்காலக் காபிக்குப் பதிலா ஒரு பழக்கம் கிடைக்குது. எனக்குத் தூக்கம் திரும்பினது பூவாலன்னு சொல்ல மாட்டேன். அந்த நேரத்துக் காபியை விட்டதால.

அப்போ சுகர்? சர்க்கரை நோய் உண்டாக்கின எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு கொடுத்தப்ப ரத்தச் சர்க்கரை குறைஞ்சதுன்னு ஆய்வுகள் இருக்கு. அது எலி, அது அடர்த்தியான சாறு. நாம குடிக்கிற ஒரு டம்ளர் டீ அதுக்குச் சமம் இல்லை. சித்த மருத்துவத்துல இருக்கிற ஆவாரைக் குடிநீரும் வேற விஷயம். அதுல ஆவாரையோட கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டைன்னு இன்னும் ஆறு சரக்கு சேரும். வேணும்னா முறையா படிச்ச சித்த மருத்துவரைப் பாருங்க. எங்க பக்கத்துல பாளையங்கோட்டையிலேயே 1964-ல இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு. எதுவா இருந்தாலும், மாத்திரையை நிறுத்திட்டுப் பூவுக்கு மாறாதீங்க. மாத்திரை போடுறவங்க இதையும் குடிக்கிறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க.

இன்னும் ரெண்டு விஷயம். ஆவாரையில கல்லீரலைப் பாதிக்கக்கூடிய சில சேர்மங்கள் இருக்கிறதா இலங்கையில ஆய்வாளர்கள் முன்னாடியே எச்சரிச்சிருக்காங்க. அதனால கல்லீரல் பிரச்னை உள்ளவங்க, கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற அம்மாக்கள், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். வலிப்புக்குக் கார்பமசெபின் எடுக்கிறவங்களுக்கும் வேண்டாம். எலிகள்ல செஞ்ச ஆய்வுல அந்த மருந்தோட அளவு ரத்தத்துல கூடியிருக்கு. மத்தவங்க வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், நாளுக்கு ஒரு டம்ளரோட நிறுத்திக்கலாம். மீதி நாளைக்குச் சுக்கு மல்லி இருக்கு, வெறும் சீரகத் தண்ணி இருக்கு.

ஆச்சியும் தினமும் குடிக்கிறதில்லை. ஏன் ஆச்சின்னு கேட்டேன். "மருந்தும் மூணு நாளு, விருந்தும் மூணு நாளு"ன்னா. தொடர்ந்து எதைக் குடிச்சாலும் உடம்பைக் கேட்டுக் குடிக்கணும்ங்கிறது அவ கணக்கு. டப்பாவைப் பார்த்து வாங்கின எங்களுக்கு அந்தக் கணக்கு தெரியலை.

தங்கச்சி இப்போ நல்லா இருக்கா. பொட்டாசியம் சரியாகி, போன எடையும் திரும்ப வந்துடுச்சு. கல்யாணமும் ஆயிடுச்சு. ஜாக்கெட்டைப் பிரிச்சுத் தைக்க வேண்டி வந்ததுக்கு என்னை இன்னும் திட்டுறா. திட்டட்டும், நான்தானே வாங்கிக் கொடுத்தேன்.

எபிசோட் முடிஞ்சதும் சமையலறைக்குப் போய் உங்க மூலிகை டீ டப்பாவைத் திருப்பிப் பாருங்க. புரியாத பேர் ஏதாவது இருந்தா எங்களுக்கு எழுதி அனுப்புங்க, விசாரிச்சு அடுத்த எபிசோட்ல சொல்றோம். என் டம்ளர் ஆறிடுச்சு. வரட்டுமா?