கம்பியில்லா இணைப்பும் கிராமப் பஞ்சாயத்தும்



விளைபொருளின் விலை நிலவரமும், மழை பற்றிய முன்னறிவிப்பும், பயிர்க் காப்பீட்டுச் செய்தியும் இன்று பெரும்பாலும் கைபேசி வாயிலாகவே நம்மை வந்தடைகின்றன. அவ்வசதி எட்டாத குடும்பம் தனக்கு நியாயமாக உரியதையும் இழக்க நேரிடலாம். ஆதலின், இவ்விணைப்பு எவ்வாறு இயங்குகிறது, கிராமத்தில் எதனால் கெடுகிறது என்பவற்றை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

கம்பியின்றிச் செய்தி அனுப்பும் முறை புதியதன்று. 1895-ஆம் ஆண்டளவில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். இன்று கைபேசிக்கும் கோபுரத்திற்கும் இடையே செல்வனவும் அவ்வகை அலைகளே. ஆனால் கோபுரத்திற்கு அப்பால் செய்தி பெரும்பாலும் மண்ணில் புதைத்த கண்ணாடி இழையின் வழியே செல்கிறது. பாசனத்தோடு ஒப்பிட்டால், இழை பெருங்கால்வாய்; அலை கடைமடை வாய்க்கால். கால்வாயில் நீர் நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் வயல் காயும் அல்லவா?

அப்பெருங்கால்வாயை ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கொண்டு செல்லும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்த இணைப்பை ஊராருக்குப் பங்கிட்டளிக்க வைஃபை என்னும் கருவி உதவும். சாதாரணமாக அது ஒரு கட்டடத்தையும் அதன் முற்றத்தையுமே எட்டும். ஆயினும் உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனாக்களை எதிரெதிராக நிறுத்தி, இடையே குன்றும் மரமும் மறைக்காதவாறு பார்த்துக்கொண்டால், அவ்வலைகள் பல கிலோமீட்டர் தூரம் செல்லும்.

இதற்குத் தேனி வட்டாரமே சான்று. 2005-ஆம் ஆண்டளவில், அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் சுற்றுப்புற ஊர்களின் பார்வை மையங்களும் இவ்வாறு இணைக்கப்பட்டன. அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதில் துணை நின்றனர். நோயாளி தம் ஊருக்கு அண்மையிலேயே இருக்க, தேனியிலிருந்த டாக்டர் திரையில் அவரைக் கண்டு பேசி ஆலோசனை கூறினார். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிச்சமாயின.

அங்கே கற்ற பாடம் இன்னும் பெரிது. கருவிகளை மிகுதியாகக் கெடுத்தது ஏறியும் இறங்கியும் வந்த மின்சாரமே. பழுது நேர்ந்தபோது அதைக் கண்டறியத் தெரிந்தவர் அருகில் இல்லாமையும் பெருங்குறையாயிற்று. நிலையான மின்சாரத்திற்கு வழி செய்து, உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி தந்த பின்னரே இணைப்பு உறுதிப்பட்டது. கம்பம் நடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பதோ அன்றாடக் கடமை.

மற்றொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பை எழுத்தாக அனுப்பினால் அது சில கிலோபைட்டுகளில் அடங்கும். அதனையே படம் பிடித்து அனுப்பினால் பன்மடங்கு கனக்கும். அலை மெலிந்த இடத்தில் எழுத்து போய்ச் சேரும். படம் பாதி வழியில் நிற்கும். ஆகவே பஞ்சாயத்து அறிவிப்புகளை எழுத்தாகவே அனுப்புவது நலம்.

அடுத்த கிராம சபையில் நாம் மூன்று கேள்விகளை எழுப்புவோமாக. நம் ஊர் இணைப்புக் கருவிக்கு மின்கலமும் மின்னழுத்தப் பாதுகாப்பும் உண்டா? அதைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞரோ பெண்ணோ இருக்கிறார்களா? கைபேசி இல்லாத முதியவரும் விதவையும் கூலித் தொழிலாளியும் வந்து உதவி பெற ஓர் இடமும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளனவா? இம்மூன்றிற்கும் ‘ஆம்’ என்று விடை கூறக்கூடிய பஞ்சாயத்தே இவ்விஞ்ஞானத்தின் பயனை முழுமையாக அடைந்த பஞ்சாயத்தாகும்.